ஏறுசுவரின் பிடிகளும் பிள்ளைகளின் விரல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல், சதுரங்கம், ஓவியம் ஆகியவற்றோடு உள்ளரங்கச் சுவரேற்றத்தையும் சேர்த்து, அதற்கென்று அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. தமிழ் இதழ்களில் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அரைப்பக்கத்தில் இரண்டு இடங்கள் என்னை உறுத்தின. சுவரில் பொருத்தியிருப்பவற்றை 'வண்ணக் கற்கள்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். பிறகு, உடும்புப் பிடியாகப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை இதில் தேறிவிடும் என்று முடித்திருந்தார். பெங்களூரில் ஒன்பது ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு மாலை சுவரேறி வருபவன் என்ற முறையிலும், இதே விளையாட்டில் மகளின் விரலெலும்பு முறிந்ததைக் கண்ட தகப்பன் என்ற முறையிலும், அந்த இரண்டு இடங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி கோருகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏறுவோர் அதனை 'ஹோல்ட்' என்பார்கள். தமிழில் பேசிக்கொள்ளும்போது நாங்கள் 'பிடி' என்கிறோம். 1964-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன், ஒரு நடைகூடத்துச் சுவரில் உண்மையான பாறைத் துண்டுகளைப் பதித்து மாணவர்களை ஏறப் பழக்கினார். அந்தக் காலத்துப் பிடிகளைக் கற்கள் என்று சொன்னால் பொருந்தும். பதித்த கல் பதித்த இடத்திலேயே இருக்கும், நாலு மாதத்தில் மாணவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். 1980-களில் பிரான்சில் போல்ட் போட்டு மாட்டும் பிசின் பிடிகள் வந்த பிறகுதான் இந்த விளையாட்டு இன்றைய உருவத்தை எடுத்தது. இப்போதைய பிடிகள் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பிசினில் வார்க்கப்படுகின்றன. உப்புத்தாள்போல் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட அவற்றை, ப்ளைவுட் பலகையின் பின்பக்கம் பதித்துள்ள நட்டில் 10 மில்லிமீட்டர் போல்ட்டைச் செலுத்தி ஆலன் கீயால் முடுக்குவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, வேறு இடத்தில், வேறு கோணத்தில் மாட்டிப் புதிய வழிகளை உருவாக்குவார்கள். அதைச் செய்பவருக்கு 'ரூட் செட்டர்' என்று பெயர். ஒரு வழிக்கு ஒரு நிறம் என்பதுதான் பெரும்பாலான அரங்குகளின் வழக்கம். ஆகவே நிறம் எந்த வழி என்பதைத்தான் சொல்கிறது. அந்தப் பிடி கைக்கு என்ன செய்யும் என்பதை அதன் வடிவமே சொல்கிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த வடிவத்தைத்தான்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். 'ஜக்' என்பது விரல்கள் முழுவதும் உள்ளே போய் வளைந்து பற்றிக்கொள்ளும்படி ஆழமான உதடு கொண்ட பிடி. தண்ணீர்க் குடத்தின் வாய்க்குள் நான்கு விரலையும் விட்டுத் தூக்கும்போது கை எப்படி அமர்கிறதோ, அப்படியே அமரும். முதல் நாள் வருபவர்களை இதில்தான் ஏற்ற வேண்டும். இதில்கூட உடும்புப் பிடி வேண்டாம் என்பதே நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை; அவை முன்கையில் இருக்கின்றன, நீண்ட தசைநாண்கள் வழியாகத்தான் விரலை இழுக்கின்றன. அச்சத்தில் ஜக்கை நெரித்துப் பிடிப்பவருக்கு அந்தத் தசைகள் இறுகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஐந்தாறு நிமிடத்தில் முன்கை மரக்கட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு பெரிய ஜக்கையும் பிடிக்க முடியாது. விழாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் பிடித்து, முழங்கையை நீட்டித் தொங்கி, பாரத்தைக் காலுக்கு அனுப்புகிறவர்தான் மேலே போகிறார்.

ஒரே ஜக்கை எப்படித் திருப்பி மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது வேறு பிடியாகிவிடும் என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். உதடு மேல்நோக்கி இருந்தால் ஏணிப்படி. அதே பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் 'சைட்புல்'; கதவு நிலையைப் பற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் உடலைச் சாய்த்தால்தான் அது பிடியாகவே இருக்கும். தலைகீழாகத் திருப்பினால் 'அண்டர்கிளிங்'; பீரோவின் அடியில் கைகொடுத்துத் தூக்குவதுபோல் உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கால்களை உயர்த்தி வைத்துச் சுவரை மிதிக்க வேண்டும். உதடு நம் உடலை நோக்கி இருக்கும்படி மாட்டினால் 'கேஸ்டன்'. கட்டைவிரல் கீழ்நோக்க, முழங்கை வெளிப்பக்கம் விரிய, மூடிக்கொண்ட லிஃப்ட் கதவைக் கையால் பிரிப்பதுபோல் வெளிப்புறம் தள்ள வேண்டும். பிரான்சின் புகழ்பெற்ற மலையேறி கேஸ்டன் ரெபுஃபாவின் பெயரே அந்தப் பிடிமுறைக்கு நிலைத்துவிட்டது. கேஸ்டன் எளிய பிடியாகத் தோன்றினாலும் தோள்மூட்டை வருத்தும். தோளில் பழைய காயம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

'ஸ்லோப்பர்' எனக்கு மிகவும் பிடித்தது. கவிழ்த்து வைத்த மண்சட்டியின் முதுகுபோல் உருண்டு சரிந்திருக்கும்; விரலை மாட்ட உதடும் இருக்காது, விளிம்பும் இருக்காது. உள்ளங்கையும் விரல்களும் எவ்வளவு பரப்பில் ஒட்டுகின்றனவோ, எந்தத் திசையில் அழுத்துகின்றனவோ, அந்த உராய்வு மட்டுமே நம்மைத் தாங்குகிறது. உடலைப் பிடிக்கு நேர் கீழே தாழ்த்தி வைத்தால் நிற்கும். இடுப்பு சுவரைவிட்டு ஒரு சாண் விலகினால் வழுக்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த ஈரமான மாலையில் நேற்று நின்ற பிடி இன்று நிற்காது. அதற்காகத்தான் ஏறுவோர் இடுப்புப் பையில் மக்னீசியம் கார்பனேட் பொடியை வைத்துக்கொள்கிறார்கள். சீருடற்பயிற்சிக் கூடத்தின் அந்த வெள்ளைப் பொடியை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் கில். பொடியை அள்ளிப் பூசுவதைவிட, பிடியில் படிந்திருக்கும் பழைய பொடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷால் தேய்த்து நீக்குவதே கூடுதல் பயன் தரும். பிரஷ்கூட வைத்திருக்காத அரங்கைக் கண்டால் எனக்கு அந்த அரங்கின் மேலேயே நம்பிக்கை குறைந்துவிடும்.

'பிஞ்ச்' என்பது செங்கல்லை மேலிருந்து கவ்வித் தூக்குவதுபோல் ஒருபக்கம் நான்கு விரலும் மறுபக்கம் கட்டைவிரலுமாகப் பிடிப்பது. கட்டைவிரல் உண்மையில் வேலை செய்வது இதில்தான். 'வால்யூம்' என்பது சுவரின் மேலேயே பொருத்தும் பெரிய பட்டைக் கூம்பு அல்லது முக்கோணப் பெட்டி. அதன்மேல் வேறு பிடிகளையும் மாட்டலாம். காலுக்கென்றே சிறு பிடிகள் உண்டு. கட்டைவிரல் நுனியை மட்டும் ஊன்றுமளவு இடம் இருந்தால் போதும், சுவரேறும் காலணியின் ரப்பர் பற்றிக்கொள்ளும்.

'பாக்கெட்' பற்றி எச்சரிக்கையோடு எழுத வேண்டியிருக்கிறது. அது ஒன்று, இரண்டு அல்லது மூன்று விரல் மட்டும் நுழையும் குழி. ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் இத்தகைய குழிகளுக்குப் பேர்போனவை. அங்கே 'ஆக்ஷன் டைரெக்ட்' என்னும் வழியில் ஓரிரு விரல் குழிகளைப் பற்றியே 1991-இல் முதலில் ஏறி முடித்தவர் வோல்ஃப்காங் கியூலிக். கால் வைக்காமல் மரச்சட்டங்களில் கைமாற்றிக் கைமாற்றி ஏறும் 'கேம்பஸ் போர்ட்' என்னும் பயிற்சிப் பலகையை உருவாக்கியவரும் அவர்தான். பல ஆண்டு உழைப்பில் விரலைப் பதப்படுத்திய ஒரு வளர்ந்த மனிதரின் கருவி அது. அதே பலகை இன்று நம் ஊர் அரங்குகளின் மூலையிலும் தொங்குகிறது. பயிற்சியாளர் திரும்பி நிற்கும் நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதில் பந்தயம் வைத்துத் தாவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குழி என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போல்ட் போடும் துளை பிள்ளைகளுக்கு விரல் நுழைக்கும் குழியாகத் தெரியும். அதில் விரலை விட்ட நிலையில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மோதிரமும் காப்பும் அதேபோல்தான். பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரத்தைக் கழற்ற மனம் வராமல் பிள்ளையை அப்படியே ஏற்றிவிடும் பெற்றோரிடம் நான் வலியச் சென்று சொல்லியிருக்கிறேன். சிலர் முகம் சுளித்ததும் உண்டு.

இனி 'கிரிம்ப்'. இந்தக் கடிதத்தை நான் எழுதக் காரணமே அதுதான். கிரிம்ப் என்பது விரல் நுனி மட்டும் அமரும் மெல்லிய விளிம்பு. சில நேரம் ஒரு பென்சிலின் தடிமன்தான் இருக்கும். கட்டுமான வேலை செய்பவர் சாரம் இல்லாத இடத்தில் ஜன்னல் சன்ஷேடின் ஓரத்தை நுனிவிரலால் பற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். இதனை மூன்று விதமாகப் பிடிக்கலாம். விரல்களை ஏறக்குறைய நீட்டிய நிலையில் நுனிகளை மட்டும் கொக்கிபோல் வைத்துத் தொங்குவது திறந்த பிடி. நடுக்கணுவைச் செங்கோணமாக மடக்கிப் பற்றுவது பாதி கிரிம்ப். நடுக்கணுவை அதற்கும் மேலே கூர்மையாக மடக்கி, நுனிக்கணு பின்னோக்கி வளையும்படி அழுத்தி, கட்டைவிரலை ஆட்காட்டி விரலின் மேல் பூட்டுப்போல் போட்டுக்கொள்வது முழு கிரிம்ப். பிடிப்பவருக்கு மூன்றில் உறுதியாகத் தோன்றுவது இந்த முழு கிரிம்ப்தான். உடும்புப் பிடி என்று கட்டுரையாளர் சொன்னதற்கு மிக நெருக்கமானதும் இதுவே.

அந்த உறுதிக்கு விரல் கொடுக்கும் விலை பெரியது. தூண்டிற்கோலின் நெடுக வளையங்கள் இருக்கும், தூண்டில் நரம்பு அவற்றின் வழியாக ஓடும். அதுபோல் விரலெலும்பை ஒட்டித் தசைநாணைப் பிடித்து வைக்கும் நார்வளையங்கள் நம் விரலில் உள்ளன. விரலைக் கூர்மையாக மடக்கிப் பாரம் ஏற்றும்போது தசைநாண் எலும்பைவிட்டு வில்நாண்போல் எழும்ப முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் சுமை வளையங்கள்மேல், குறிப்பாக மருத்துவர்கள் ஏ-2 என்று குறிக்கும் வளையத்தின்மேல் விழுகிறது. திறந்த பிடியைவிட முழு கிரிம்பில் அந்தச் சுமை பன்மடங்கு. பெரியவர்களுக்கு மோதிர விரலில் 'டப்' என்ற ஓசையோடு அந்த வளையம் கிழிவது இந்த விளையாட்டில் எல்லோரும் அறிந்த காயம். பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அவர்களுடைய வளையம் வலுவாகவே இருக்கும். எலும்பின் ஓரத்தில் இன்னும் குருத்தாக இருக்கும் வளர்தட்டுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். 'குரோத் பிளேட்' என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் குருத்துப் பட்டை மூடி முழு எலும்பாகும்வரை, அதாவது பதின்வயதின் நடுப்பகுதிக்கு மேலும்கூட, விரலின் பலவீனமான இடம் அதுவே.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் வழக்கமாக ஏறும் அரங்கு வீட்டிலிருந்து தொலைவு என்பதால், அருகிலிருந்த வேறோர் அரங்கின் கோடை முகாமில் சேர்த்தேன். வாரத்தில் ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம். முதல் நாள் அழைத்துச் சென்றபோது பிள்ளைகளுக்கான சுவரைப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பிடிகள் நிறைந்து பார்க்க அழகாக இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் கிரிம்ப் என்பது என் கண்ணில் பட்டது, ஆனால் கருத்தில் படவில்லை. ஏழு ஆண்டுகள் அப்போதே ஏறியிருந்தவன் நான். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசையாமல் நடுவிரலைத் தனியே நீட்டி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் எடுத்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, மடக்கினா இங்க மட்டும் குத்துது" என்று நடுக்கணுவின் மேற்புறத்தைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன், லேசாக வீங்கியிருந்தது, வெளியில் காயம் எதுவும் இல்லை. பயிற்சியாளரிடம் பத்து நாள் முன்பே சொல்லியிருக்கிறாள். அவர் விரலில் டேப் சுற்றிவிட்டு, ஏற ஏற விரல் உரமேறிவிடும் என்று ஏறச் சொல்லியிருக்கிறார். விழவில்லை, அடிபடவில்லை, சத்தம் கேட்கவில்லை. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நேர்வாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விரலைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதில், நடுக்கணுவின் மேற்புறத்தில், வளர்தட்டின் வழியாக ஒரு மெல்லிய கீற்று ஓடியிருந்தது. முழு கிரிம்பில் நாள்தோறும் பாரம் ஏறி ஏறி வந்த முறிவு. நல்ல வேளையாக எலும்பு இடம் விலகவில்லை. விரலை அசையாமல் கட்டிவைத்து, மூன்று மாதம் சுவரைத் தொடக்கூடாது என்றார். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் விரல் கோணலாக வளர்ந்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்.

அந்த அரங்கின் மேலாளரிடம் பிறகு பேசினேன். சண்டை போடவில்லை. பிள்ளைகளின் சுவரில் ஏன் இத்தனை கிரிம்ப் என்று மட்டும் கேட்டேன். "சின்னக் கைக்குச் சின்னப் பிடிதானே சார் வசதி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. என் விரலில் நுனி மட்டும் ஒட்டும் ஒரு விளிம்பு, மெலிந்த விரலுள்ள சிறுமிக்கு முதல் கணு முழுவதும் அமரும் திண்ணைபோல் இருக்கும். உடல் எடையும் குறைவு என்பதால் கிரிம்ப் வழிகளில் பிள்ளைகள் பெரியவர்களை எளிதாகத் தோற்கடிப்பார்கள். அகலமான பிஞ்சைக் கவ்வ அவர்களுடைய கை எட்டாது. பெரிய ஸ்லோப்பரில் உள்ளங்கைப் பரப்பு போதாது. ஆகவே பிள்ளை தானாகவே கிரிம்பைத் தேடிப் போகிறது, வெற்றி பெறுகிறது, கைதட்டு வாங்குகிறது, மறுபடியும் அதையே செய்கிறது. செட்டரும் அதற்கேற்ற வழியையே அமைக்கிறார். வளர்ச்சி வேகமெடுத்து, எடையும் உயரமும் கூடும் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள், குருத்து இன்னும் மூடாத விரலில் அந்தப் பழக்கம் வந்து இறங்குகிறது.

சிறிய கைக்குத் தேவை சிறிய ஜக். குழந்தையின் நான்கு விரலும் முழுதாக உள்ளே போகும்படி ஆழமாக, ஆனால் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்குமளவு ஒடுக்கமாக வார்க்கப்பட்ட ஜக்குகள் கிடைக்கின்றன. குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு ஏற்ற பிஞ்சுகளும் உருண்டைப் பிடிகளும் கிடைக்கின்றன. என் மகள் சேர்ந்திருந்த அரங்கில் அவை வாங்கப்படவில்லை, அவ்வளவே.

ஒரு பிடியின் அளவும் இடமும் ஏறுபவரின் உடலைப் பொறுத்தே எளிதாகவோ கடினமாகவோ ஆகின்றன என்பதற்கு உலகமே பார்த்த சான்று ஒன்று உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் இறுதிப்போட்டியின் முதல் போல்டரில், அதாவது கயிறில்லாமல் ஏறும் குட்டைச் சுவர் வழியில், 154 செ.மீ. உயரமுள்ள ஜப்பானின் ஆய் மோரிக்குத் தொடக்கப் பிடியே எட்டவில்லை. நேரம் முடியும்வரை திரும்பத் திரும்பக் குதித்துப் பார்த்துவிட்டு, அந்தப் போல்டரில் ஒரு புள்ளியும் இல்லாமல் திரும்பினார். அதே இறுதிப்போட்டியின் கயிற்றுச் சுவரில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. மொத்தத்தில் நான்காம் இடம்தான் கிடைத்தது. தங்கம் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டுக்குப் போனது. அவ்வளவு தேர்ந்த வீராங்கனைக்கே ஒரு பிடியை அமைத்த இடம் இவ்வளவு செய்யுமானால், உள்ளூர் முகாமில் செட்டர் பொருத்தும் ஒவ்வொரு பிடியும் நம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நாம் கேட்காமல் இருக்க முடியுமா? வேகப் போட்டி மட்டும் இதற்கு விலக்கு. அங்கே 15 மீட்டர் உயரச் சுவர், 20 கைப்பிடிகள், 11 சிறு கால்பிடிகள், எல்லாம் உலகம் முழுவதும் ஒரே வடிவம், ஒரே இடம். பாரிஸில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ அதனை 4.75 வினாடியில் ஏறித் தங்கம் வென்றார். மற்ற எல்லாச் சுவரிலும் பிடி என்பது ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவு.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முகாம்களைப் பற்றி எழுதும்போது, கட்டணத்தையும் நேரத்தையும் கயிற்றின் உறுதியையும் மெத்தையின் தடிமனையும் சொல்வதோடு, சேர்க்குமுன் பெற்றோர் ஐந்து நிமிடம் பிள்ளைகளின் சுவருக்கு முன்னால் நின்று பிடிகளைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். விரல் முழுதும் உள்ளே போகும் பிடிகள் அதிகமா, நுனி மட்டும் நிற்கும் விளிம்புகள் அதிகமா என்று எண்ணிப் பார்க்க ஏறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை ஏறும்போது கையைக் கவனித்து, ஆட்காட்டி விரலின் மேல் கட்டைவிரல் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கலாம். பூட்டிக்கொண்டால் பயிற்சியாளரிடம் சொல்லித் திறந்த பிடிக்கு மாற்றச் சொல்லலாம். கேம்பஸ் போர்டில் பிள்ளைகளை விடுவீர்களா என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாமல் வந்துவிடலாம். நடுக்கணுவின் மேற்புறத்தில் வலி என்று பிள்ளை சொன்னால், டேப் சுற்றுவதற்கு முன் ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பக்கவாட்டு எக்ஸ்ரே கேட்க வேண்டும். கையால் பற்றும் ஒரு பிடி சுவரில் ஆடினாலோ சுழன்றாலோ அந்த நொடியே கீழே இறங்கி அறிவிக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அது எந்த வயதினருக்கும் பொருந்தும்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிடக் கூடாது என்று மனமார விரும்புகிறேன். உடல், கண், பொறுமை மூன்றையும் ஒரே நேரத்தில் பழக்கும் விளையாட்டு இதைப்போல் எனக்குத் தெரிந்து வேறில்லை. உள்ளரங்கில் வடிவங்களைப் படிக்கக் கற்ற பிள்ளை, ஒருநாள் பாதாமியின் செம்மணற்பாறையில் படுக்கைக் கோடுகளாக ஓடும் விளிம்புகளையும், ஹம்பியின் கருங்கல் உருண்டைகளையும் பார்த்து, இது கிரிம்ப், அது ஸ்லோப்பர் என்று தானே சொல்லும். பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ராமநகரத்துக் குன்றுகளில் அதை நேரில் கேட்டிருக்கிறேன்.

மகள் மூன்று மாதம் கழித்து என்னோடு என் அரங்குக்கு வந்தாள். முதல் ஒரு மாதம் ஜக்கிலும் ஸ்லோப்பரிலும் மட்டும் ஏறினாள். விரலைத் திறந்து பிடிப்பது அவளுக்குத் தோல்விபோலவே இருந்தது. முன்பு ஒரே மூச்சில் ஏறிய வழிகளில் பாதியில் விழுந்தாள், கண்ணீரோடு கீழே உட்கார்ந்தாள். இப்போது பதினைந்து வயது. சென்ற சனிக்கிழமை அரங்குக்குப் புதிதாக வந்த பத்து வயதுச் சிறுவன் ஒரு பச்சை விளிம்பில் கட்டைவிரலைப் பூட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்தவள், என்னைக்கூடக் கேட்காமல் அவன் பக்கத்தில் போய் நின்று, தன் கையைச் சுவரில் வைத்து, கட்டைவிரலை எடுத்துவிட்டு எப்படித் தொங்குவது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெங்களூரு